வாசலில் நிற்கும் எழுத்து

தங்கத்தாய் தன் மகள் வீட்டில் கை நனைப்பதில்லை. கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. சோறு கிடக்கட்டும், ஒரு வாய் தண்ணீர்கூட அந்த வீட்டில் அவள் வாங்கிக் குடித்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். இந்தக் கதையில் நீங்கள் சிரிக்க நிறைய இடம் வரும். சிரிக்கிறபோது இது மறந்துவிடக் கூடாது.

தங்கத்தாய்க்கு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் மண்டி. விடிந்ததும் மண்டி வாசலில் வந்து நின்றாளென்றால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க யோசிப்பான். நல்ல ஆகிருதி. தோளும் இடுப்பும் அகலம். ஆனால் பாதம் இரண்டும் சின்னது, பத்து வயசுப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி. அவ்வளவு பெரிய உடம்பு இந்தப் பாதத்தில் எப்படித்தான் நிற்கிறதோ என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கொசுவம் காலடியில் விரிந்து தரையில் அழுந்தியிருக்கும். தலையில் இறுக்கிப் போட்ட ஒரு கொண்டை. இதையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, பின்னால் வேண்டியிருக்கும்.

அவள் மகள் சுகன்யா விரும்பிக் கட்டிக்கொண்டவன் இசக்கிமுருகன். தச்சநல்லூரில் பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருக்கிறான். பெண் கேட்டு வந்த அன்றைக்கு, நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் தங்கத்தாய் கேட்டாள்:

"மாப்பிள என்ன வேல பாக்காக?"

"எழுத்து வரையுதேன்."

"எழுத்த எழுதத்தான செய்வாக? வரையுதது என்ன?"

அவன் பயத்தில் விளக்கமாகச் சொன்னான். கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்தும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்ததுதான், ஒரு 'அ'வை ஒன்பது விதமாக வரையலாம், மெலிசாகப் போட்டால் ஒரு குணம், தடியாகப் போட்டால் ஒரு குணம் என்று. கேட்கக் கேட்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் சபைக்குச் சொன்னாள்:

"எம்மவ இஷ்டம். கட்டிக் குடுக்கேன். ஆனா 'அ'னாவ ஒம்பது தடவ வரையுதவன் வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

கோபத்தில் வந்த சொல்தான். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. சொல் போகவில்லை. மண்டியில் தங்கத்தாய் ஒன்று சொன்னால் அதை மாற்றிச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை. அவள் புருஷன் பாபநாசம் அப்படியெல்லாம் எதுவும் சொல்லி வைக்காத புத்திசாலி. மறுவீட்டுக்கு வந்த அன்றே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்.

இசக்கிமுருகனுடைய கடையும் வீடும் ஒரே கட்டடம். ரோட்டைப் பார்த்த முன் அறை கடை. பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு. வீட்டுக்குப் பக்கவாட்டில் தனி வாசல். மாசம் ஒரு தடவை தங்கத்தாய் அந்தப் பக்கவாசலில் வந்து நிற்பாள். இடுப்பில் ஒரு சீப்பு செந்துளுவன் பழம். அதை மகள் கையில் கொடுப்பாள். இசக்கிமுருகன் கடை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உள்ள வாங்கத்த" என்பான்.

"இருக்கட்டும் மாப்பிள, லாரி நிக்கி."

லாரி எங்கேயும் நிற்காது. அவள் வந்தது பஸ்ஸில்.

இப்போது சுகன்யாவுக்கு ஆறு மாசம். வருகிற மாசம் வளைகாப்பு. தாய்வீட்டுச் சீரோடு நூறு சனம் வரும். அத்தனை பேர் முன்னாலும் பெற்ற தாய் வாசலில் நின்று சீர்த்தட்டை நீட்டிவிட்டு, இலையில் உட்காராமல் திரும்பினால் எப்படி இருக்கும்? இசக்கிமுருகன் பக்கத்துச் சொந்தக்காரப் பெண்கள் அதைப் பேரப்பிள்ளை கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். சுகன்யா அதை நினைத்து நினைத்துப் பாதி ராத்திரி தூங்குவதில்லை. தங்கத்தாயும் தூங்குவதில்லை. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கதை இப்போது கடைக்குள் போகிறது.

கடையில் அச்சடிக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன் கிங்ஸ்டன், பாளையங்கோட்டைக்காரன். வாய் சும்மா இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் கொடைக்கு போர்டு அடிக்க வந்தார்கள். வேகமாகப் போகிற பஸ்ஸில் இருக்கிறவன் கண்ணிலும் விழ வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரில் இருந்த தடி எழுத்தெல்லாம் செங்கல்லை அடுக்கின மாதிரி இருந்தது. கனம் இருந்தது, களை இல்லை. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே மாமியார் வந்து நின்றாள், பழம் கொடுத்தாள், போனாள். அவள் போன பிற்பாடு இசக்கிமுருகன் ஒரு 'க' வரைந்தான்.

நிமிர்ந்து நிற்கிற கோடு நல்ல தடிமன். வளைந்து திரும்புகிற இடத்தில் மட்டும் சேலைக்கரை அளவுக்கு மெலிந்து, மறுபடி பருத்தது. குறுக்குக்கோடு, ஓடுகிற லாரியை மறிக்க நீட்டின கை. கோடு முடிகிற இடத்தில் வெட்டினாற்போல் விடாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்து ஒரு சின்னப் பாதம் வைத்தான். உச்சியில் ஒரு குமிழ் வைத்தான். எதற்கு வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. கிங்ஸ்டனுக்குத் தெரிந்தது.

"லே! இது ஒங்க அத்தைலா!"

"சும்மா கெடலே."

"சத்தியமாச் சொல்லுதேன். கொண்டையப் பாரு. லாரி நிக்கின்னு இப்பச் சொல்லப்போகுது பாரு."

அதற்கப்புறம் இசக்கிமுருகனால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. 'ழ' வரைந்தால், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகின வாலோடு வந்தது. 'ஒ' வரைந்தால், நின்ற இடத்திலேயே தலையை மட்டும் திருப்பி யாரையோ அதட்டியது. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகூட ஒரு மூக்குத்தியும் இரண்டு கம்மலுமாகப் போய்விட்டது. ஆறு மாசத்தில் எழுத்து முழுக்க முடிந்தது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்து வகைக்கும் ஒரு பேர் வைக்க வேண்டும். மாமியார் பேரை மாப்பிள்ளை வாயால் சொல்வதில்லை, கையால் அடிப்பது எப்படி? கிங்ஸ்டன் அவனைத் தள்ளிவிட்டு 'அத்தை' என்று அடித்து வைத்தான். அப்படியே நின்றுவிட்டது.

எழுத்து ஊரைப் பிடித்துக்கொண்டது. கொடை போர்டைப் பார்த்துத் திறப்பு விழாக்காரர்கள் வந்தார்கள். பாளையங்கோட்டையில் சர்ச்சில் ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகை வளைவுக்குப் போனது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்ட மாலை போட்ட குழுக்காரர்கள் எட்டு பேனரில் அதையே கேட்டார்கள். ஜவுளிக்கடையில் 'தள்ளுபடி' என்று அந்த எழுத்தில் போட்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிறவள் இந்தப் பக்கம் வந்துவிடுவாள்.

ஆனால் அதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. வருகிறவர்களிடமெல்லாம் கிங்ஸ்டன் அதைப் பாடம் மாதிரி ஒப்பிப்பான்: "அண்ணாச்சி, இந்த எழுத்துக்கு ஒரு வார்த்தைதான் குடுக்கணும். ரெண்டு குடுத்தாத் தாங்கும். மூணாவது வரிக்கு வேற மெலிஞ்ச ஆளப் பாத்துக்கிடுங்க. இது கூப்பிடுத எழுத்து. ஒக்காந்து வெவரம் பேசத் தெரியாது." உள்ளதுதான். பெரிதாக வைத்தால் கம்பீரம். பொடியாக வைத்தால் வளைவுக்குள் இருக்கிற வெள்ளையெல்லாம் அடைத்துக்கொண்டு, புளியங்கொட்டை மாதிரி ஆகிவிடும்.

ஒரு நாள் காலையில் தங்கத்தாய் கடைக்குள்ளேயே வந்துவிட்டாள். பக்கவாசலுக்கு இல்லை, ரோட்டுப்படி ஏறி நேரே கடைக்குள். கடை வேறு வீடு வேறு என்பது அவள் கணக்கு.

"மாப்பிள, வர்ற வழில ஒரு கொட போர்டு பாத்தேன். பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கிப் பாத்தேன். என்னா நிப்பு நிக்கி! நல்ல குடும்பத்துல பொறந்த எழுத்து. மண்டிக்குப் புது போர்டு வைக்கணும். அதுலதான் வேணும். அது எங்க கெடைக்கும்?"

மெஷினுக்குப் பின்னாலிருந்து கிங்ஸ்டன் இருமினான்.

"இங்கனதான் அத்த," என்றான் இசக்கிமுருகன். "நாந்தான் வரஞ்சேன்."

தங்கத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவள் அவனை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அதுக்குப் பேரு என்ன?"

கிங்ஸ்டனின் இருமல் நின்றது. இசக்கிமுருகனுக்கு வியர்த்தது. "பேருன்னு இல்ல அத்த... நம்பர்தான். எம்பத்தேழு."

"சரி. எம்பத்தேழுல போடுங்க." சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பதினேழு வரி. சாமி துணை, மண்டி பேர், அவள் பேர், பாபநாசம் பேர், ஏத்தன், சக்கை, கதலி, நாடு, கோழிக்கூடு, செந்துளுவன் என்று ஆறு வாழை ரகம், வெட்டுக்கு ஆள் அனுப்பப்படும், வெள்ளிக்கிழமை லீவு கிடையாது, மூன்று செல் நம்பர், விலாசம் ரெண்டு வரி, எல்லாம்.

கிங்ஸ்டன் ஓடி வந்தான். "அம்மா, இந்த எழுத்துக்கு ஒரு வார்த்ததான்..."

"யாருப்பா சொன்னா?"

"அது கூப்பிடுத எழுத்தும்மா."

"நான் எல்லாத்தையும் கூப்பிட்டுத்தான் சொல்லுவேன். பதினேழு வரியும் எம்பத்தேழுலயே வரட்டும். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு என்ன பாகுபாடு?"

கிங்ஸ்டன் இசக்கிமுருகனின் முகத்தைப் பார்த்தான். மறுக்கலாம், ஆனால் மூன்று வருஷத்தில் மாமியார் அவனிடம் கேட்ட முதல் காரியம் இது. இசக்கிமுருகன் பதினேழு வரியையும் அடித்தான். அடைத்துப்போட்ட எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, திருவிழா முடிந்து பஸ்ஸில் ஏறின சனம் மாதிரி நின்றன. அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் மண்டி வாசலில் போர்டு ஏறியது. தங்கத்தாய் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். அவள் பேரே அவளுக்குத் தெரியவில்லை. கறுப்பு கறுப்பாகப் பதினேழு பட்டை தெரிந்தது. ரோட்டுக் கடைசியில் மண்டி வைத்திருக்கிற தேவேந்திரன், அவளுக்குக் கொழுந்தன் முறை, வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார்.

"என்ன மதினி, ரோட்டுக்கு ஊத்தவேண்டிய தார போர்டுக்கு ஊத்திட்டாகளா?"

"வே, கண்ணத் தொடச்சிட்டுப் பாரும்வே."

"தொடச்சிட்டேன் மதினி. அஞ்சாவது வரில ஏத்தனா எருமையா?"

அடுத்த பஸ்ஸில் ஏறினாள். போர்டைப் பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தச்சநல்லூரில் இறங்கினாள். கடைக்குள் வந்து அதை மேஜையில் போட்டாள்.

"மாப்பிள. நீங்க படிச்சவுக. இது இப்படித்தான் வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அத்த."

"பெறவு ஏன் சொல்லல?"

"நீங்க ஒண்ணு சொன்னா யாரு மாத்திச் சொல்ல முடியும்?"

பணிவாகத்தான் சொன்னான். அது போய் அவளுக்கு எங்கே பட்டதோ தெரியாது. சுருட்டின போர்டை ஓரமாகத் தள்ளினாள். பிறகு நாற்காலியை இழுத்து... உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி. ஒங்க இஷ்டப்படி போடுங்க. நான் வாயத் தொறக்கல."

"எது பெருசா வரணும் அத்த?"

"எம்பேருதான். வேற என்ன?"

இசக்கிமுருகன் வாய் திறக்காமல் அந்தப் பேரை அடித்தான். மற்றதையெல்லாம் மெலிந்த எழுத்தில் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த ஒரு பேரைப் பெரிதாக்கினான். திரை முழுக்க நிறைந்தது, தங்கத்தாய் என்று.

சரியாக அந்த நேரத்தில் நடுக்கதவைத் திறந்துகொண்டு சுகன்யா காபியோடு வந்தாள். அம்மா குடிக்க மாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கொண்டுவருவாள். ஊரெல்லாம் அந்த எழுத்தைக் 'கொடை விழா' என்றும் 'தள்ளுபடி' என்றும் அவள் பார்த்ததுதான், ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது அம்மா பேரில் அதைப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கிற அம்மாவைப் பார்த்தாள். காபி டம்ளரை மேஜையில் வைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள்!

"எம்மா! மண்டி வாசல்ல நீ நிக்கதுலா இது! அந்த 'க'னாவப் பாரேன், கொண்டையும் காலும்!"

கிங்ஸ்டன் மெஷினுக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டான். இசக்கிமுருகன் எழுந்து நின்றான். எழுந்து நின்று என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

தங்கத்தாய் குனிந்து திரையைப் பார்த்தாள். இடது கை தானாகவே இடுப்புக்குப் போனது. திரையில் இருந்தவளும் அப்படித்தான் நின்றாள். மூலையில் எழுத்தின் பேர் வருகிற இடத்தில் 'அத்தை' என்று இருந்தது.

"எம்பத்தேழுன்னீங்க."

இசக்கிமுருகன் அவசரமாகக் கையால் அந்த மூலையை மறைத்தான்.

"கெடா வெட்டுக்கு, ஜவுளிக்கடைக்கு, தசரா வேசத்துக்கு, அசனத்துக்கு, ஊர் ஊரா என்னைய நிக்க வச்சிருக்கீக."

"தப்புத்தான் அத்த."

"எத்தன நாளா என்னையப் பாத்துப் பாத்து வரஞ்சீக?"

இசக்கிமுருகன் தலையை நிமிர்த்தவில்லை. ஜன்னலைக் கைகாட்டினான். "இங்கன இருந்துதான் அத்த. நீங்க உள்ள வந்ததே இல்லியே. வாசல்ல நிக்குததும் திரும்புததும் மட்டுந்தான் பாத்திருக்கேன். அதான் எழுத்து எல்லாமே நின்னுக்கிட்டே இருக்கு. 'ஞ' ஒண்ணையாவது ஒக்கார வச்சிரலாம்னு பாத்தேன். நீங்க ஒக்காந்தா எப்படி இருப்பீகன்னு எனக்குத் தெரியல."

சுகன்யாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மெஷினுக்கு அடியில் தேடுகிற சத்தமும் நின்றுவிட்டது.

தங்கத்தாய் காபி டம்ளரைப் பார்த்தாள். நடுக்கதவைப் பார்த்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள். இத்தனை ராத்திரியும் அவள் எதற்காகத் தூங்கவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்க எல்லோருக்கும் பயம். சொன்ன சொல்லை மாற்றாமல் எப்படி மாற்றுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சுகன்யா. அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

"இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்னு சொன்ன."

"கைதான சொன்னேன்?"

"ஆமா."

"ஸ்பூன் இருக்கா வீட்ல?"

அவ்வளவுதான். நடுக்கதவைத் தாண்டி உள்ளே நடந்தாள். சின்னப் பாதம் இரண்டும் தரையில் அழுந்த, கொசுவம் விரிய, உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இலையப் போடு" என்றாள்.

எங்கள் சுகன்யா யார் மகள்? இலையைப் போட்டாள். சோறு வைத்தாள். பளபளவென்று ஒரு ஸ்பூனையும் வைத்தாள். அன்றைக்கு வீட்டில் கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தது, தயிர் இருந்தது, ரசம் இருந்தது. எல்லாம் ஸ்பூனுக்குத் தோதான பண்டம். அவள் அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தது சாளை மீன் குழம்பு. முள் அதிகமாக இருக்கிற நாலு மீனாகப் பார்த்து இலையில் வைத்தாள்.

தங்கத்தாய் ஸ்பூனால் மீனைத் தொட்டாள். அது நழுவிற்று. மறுபடி தொட்டாள். இலையோரம் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது. ஸ்பூனில் ஒரு துணுக்கு அள்ளி வாயில் வைத்தாள். வைத்த வேகத்தில் முள்ளைத் துப்பினாள். குழம்பு வாசனை மட்டும் ஆளைக் கொன்றது. கதவிடுக்கில் இரண்டு தலை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, இசக்கிமுருகனும் கிங்ஸ்டனும்.

"ஏட்டி, இத வச்சிக்கிட்டு முள்ள எப்படிட்டி எடுக்கது?"

"எனக்கென்னம்மா தெரியும்," என்றாள் சுகன்யா. முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது. "கேட்டது நீதான்."

தங்கத்தாய் மகளை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்பூனைத் தூக்கி எறிந்தாள். அது உருண்டு போய்க் கதவடியில் நின்றது. ஐந்து விரலையும் சோற்றில் விட்டுக் குழம்பை இழுத்துப் பிசைந்தாள். முள்ளை விரலால் நீவி நீவி எடுத்தாள். மூன்று வருஷத்துப் பசி, கண்ணுகளா. நாலு மீன் போய் இன்னும் நாலு வந்தது. புருஷன் பாபநாசத்தின் மூன்று தடவைச் சோற்றை அன்றைக்கு அவள் தாண்டிவிட்டாள்.

கை கழுவிவிட்டு மறுபடி கடைக்கு வந்தாள். திரையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"மாப்பிள, எல்லாஞ் சரி. அந்த வயித்த மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துருங்க."

"இழுத்தா சத்தம் கொறஞ்சிரும் அத்த. தூரத்துல கேக்காது."

அவள் யோசித்தாள். தேவேந்திரன் மண்டி ரோட்டுக்கு அந்தக் கடைசியில் இருக்கிறது. அங்கிருந்து அவர் கண்ணில் விழ வேண்டும்.

"அப்பக் கெடக்கட்டும்," என்றாள்.

வளைகாப்பு அன்றைக்கு அவள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தாள். இசக்கிமுருகனுக்குப் பெரியம்மா முறையான ஒருத்தி, இதற்காகவே மூன்று வருஷம் காத்திருந்தவள், பக்கத்து இலையிலிருந்து கேட்டாள்: "என்ன தங்கத்தாய், சொன்ன சொல்லு என்னாச்சு?"

"நான் ஸ்பூன்லதான் ஆரம்பிச்சேன்," என்றாள் தங்கத்தாய். "மீனு கேக்கல."

இப்போது நீங்கள் தச்சநல்லூர்ப் பக்கம் போய் அந்தக் கடையில் எழுத்துப் பட்டியலைப் பார்த்தால் 'அத்தை'க்குக் கீழே இன்னொன்று இருக்கும். அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பருமன். 'ஞ' மட்டும் அதில் கீழே நன்றாக அகன்று, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். கிங்ஸ்டன்தான் பேர் வைத்தான்: 'சாப்பிட்ட அத்தை.' தங்கத்தாய் கேட்டால் அதற்கு நம்பர் எண்பத்தெட்டு.